என் இடத்துக்கு ஒரு மீன்

வெறும் கண்ணாடிமேல் விழுந்தபோது தண்ணீர் கைதட்டுகிற மாதிரி கேட்டது, இப்போது தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிறது, கூட்டம் முடிந்து ஜனங்கள் கலையும்போது எழுகிற முணுமுணுப்பு மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்தாலும் கூட்டத்தோடு ஒப்பிட்டால்தான் உங்களுக்கு விளங்கும் என்று என் மனைவி மரகதம் சொல்வாள், செத்துப்போன பிறகு அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரியாகிக்கொண்டே வருகிறது. "கோடு வந்ததும் ஒரு குரல் குடுங்கப்பா, நான் பின்னால மோட்டார்கிட்ட இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என் மகன். தொட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது, அதுதான் கோடு. குரல் கொடுப்பது என் தொழில், அதற்காவது இன்னும் கூப்பிடுகிறார்கள். ஆள் படுக்கிற நீளம் இந்த மீன்தொட்டி, நான் கால் நீட்டிப் படுத்தால் தலைமாட்டில் ஒரு சாண் மிச்சமிருக்கும், இரும்பு ஸ்டாண்டின்மேல் கூடத்துச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது, அது நிற்கிற இடத்தில் நேற்று வரை என் புத்தக அலமாரி இருந்தது. அலமாரி இப்போது பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே. தரைத்தளத்து வீடு என்பதால் பாரம் பற்றிக் கவலை இல்லையாம். பாரம் பற்றி யாருக்கும் கவலை இல்லை. திங்கட்கிழமை காலையில் என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், செவ்வாய்க்கிழமை நெஞ்சைத் திறக்கிறார்கள். நான் போகப்போவதில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும், காரணம் இல்லாமல் மறுக்கிறவனுக்குக் கோழை என்று பெயர், காரணத்தோடு மறுத்தால் அதே ஆளுக்குப் போராளி என்று பெயர், இது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தனியார் மருத்துவத்தை எதிர்க்கிறேன் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், மகன் சமதர்மன், அரசு ஆஸ்பத்திரியிலும் இடம் கேட்டு வைத்திருக்கிறான், அந்த வழியை அடைத்துவிட்டான். வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று சொல்லலாம், அது பரிதாபம் தேடுகிற பேச்சு, என் வாயில் வராது. இப்படியே வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இன்று காலையில் தானாக வந்து மடியில் விழுந்தது காரணம், அதுவும் கொள்கை சார்ந்த காரணம்.

கொண்டுவந்து போட்டவன் ஜெயசீலன், கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கிறவன், தின்கிற மீன் இல்லை, பார்க்கிற மீன். காலையில் வந்து தொட்டி மூலைகளில் பசை காய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான், ஸ்டாண்டுக்கு அடியில் தெர்மக்கோல் வைத்தான், பச்சையாகப் பாசி நாற்றமடிக்கிற ஒரு பழைய ஸ்பாஞ்சை ஃபில்டருக்குள் வைத்து, கடைத்தொட்டியில் ஓடின ஸ்பாஞ்ச் இது, புதுத் தண்ணியைப் பழைய தண்ணியாக்கும் என்றான், வாய் ஓயாமல் பேசினான், எனக்கும் அவன் பேச்சு பிடித்துத்தான் இருந்தது. நல்ல தொண்டை, பத்துப் பேரை நிறுத்திக் கேட்க வைக்கிற தொண்டை. திடீரென்று என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. இது அழகுக்கு வெக்கிற மீன் இல்ல, அரோவனா. வீட்டுக்கு ஒரு கெட்டது வருதுன்னு வைங்க, அது குறுக்க பூந்து வாங்கிக்கும். அயனாவரத்துல ஒரு ஐயாவுக்கு கிட்னி ஆப்பரேஷன், அவரை உள்ள தள்ளிக்கினு போற நேரத்துக்கு வீட்ல மீன் செத்து மல்லாந்துடுச்சு. ஐயா இப்ப ஜம்முனு வாக்கிங் போறாரு. உங்களுக்கும் சார் எல்லாம் சொல்லித்தான் ஆர்டர் குடுத்தாரு" என்றான். எந்த சார் என்று கேட்டேன். "நம்ம சாம் சார்தான்" என்றான். சாம். சமதர்மன் என்று நான் வைத்த பெயரை ஆபீசில் சாம் ஆக்கிவிட்டார்கள், கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறான். சுகந்தி சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன், மருமகள், வேறு வீட்டில் வளர்ந்தவள், அவர்கள் வீட்டில் வாசலுக்கு எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். சொன்னவன் என் மகன். எனக்குப் பதிலாகச் சாவதற்கு ஒரு மீன் வாங்கியிருக்கிறான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், மீதிப் படிப்பைத் துண்டறிக்கைகள்தான் கொடுத்தன. சிவப்பு மசியில், எழுத்து இடித்துக்கொண்டு, மடித்தால் கிழிகிற தாளில் வந்தவை. கடவுள் ஏன் இல்லை என்று ஒன்று, கூலி எப்படித் திருடப்படுகிறது என்று ஒன்று, கிரகணம் என்றால் என்ன என்று ஒன்று. டீக்கடையில் எழுத்துக்கூட்டிப் படித்து, புரியாததை நாலு பேரிடம் கேட்டு, அடுத்த வாரம் அதையே நாலு பேருக்குச் சொல்லி, பிறகு நானே எழுதி, நானே அச்சாபீசில் நின்று பிழை பார்த்து, நானே பேருந்து நிறுத்தத்தில் நீட்டினேன், வேதகிரி என்று பெயர் வைத்துக்கொண்டு வேதத்தைத் திட்டுகிறாயே என்று சிரிப்பார்கள், பெயர் அப்பன் வைத்தது, திட்டு நான் சேர்த்தது என்பேன். இந்தப் பையன் என் தோளில் உட்கார்ந்து நோட்டீஸ் விநியோகித்தவன், கிரகணத்தன்று வேண்டுமென்றே வெளியில் நிறுத்தி இட்லி தின்ன வைத்தேன், மரகதத்துக்கு உள்ளூரப் பயம், அவளும் தின்றாள். அவன் கல்யாணத்தில் அக்கினி இல்லை, ஐயர் இல்லை, மாலை மாற்றிக்கொண்டு உறுதிமொழி வாசித்தார்கள், நான் எழுதின உறுதிமொழி. அப்படி வளர்ந்தவன் போய் வாஸ்து மீன் வாங்குகிறான். கோபம் வர வேண்டிய இடம் இது, வரவும் வருகிறது, ஆனால் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது, மார்பில் இடதுபக்கம் யாரோ முழங்கையை ஊன்றுகிற மாதிரி, சற்றுப் பொறுத்து மறுபடி எழுந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடப்பேன். தண்ணீர் கூழாங்கல்லை மூடிவிட்டது. மரக்கட்டை ஒன்று போட்டிருக்கிறார்கள், வேர் மாதிரி கோணல்மாணலாக, அது மிதக்காமலிருக்க மேலே ஒரு கல், கல்லையும் மீறி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடுகிறது, அமுங்க மாட்டேன் என்கிறது. ஊறினால் அமுங்கிவிடுமாம். எல்லாம் ஊறினால் அமுங்கும்.

தடிமனான கண்ணாடி, விளிம்பில் பச்சை தெரிகிறது, எங்கள் ஆலையில் வார்த்த தகடும் இப்படித்தான் விளிம்பில் பச்சையாக இருக்கும், நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் பார்த்தால்தான் அதன் நிறம். கண்ணாடி ஆலை மற்ற ஆலை மாதிரி இல்லை, மில்லில் வேலைநிறுத்தம் என்றால் தறியை நிறுத்திவிட்டு வெளியே வரலாம், பஸ்ஸை டிப்போவில் விடலாம், கண்ணாடி உலையை நிறுத்த முடியாது. மூட்டின நெருப்பு வருஷக்கணக்கில் எரிய வேண்டும், அணைந்தால் உள்ளே உருகிக் கிடப்பது இறுகும், உலைச் செங்கல் வெடிக்கும், பிறகு அதை இடித்துத்தான் போடவேண்டும், மறுபடி மூட்ட முடியாது. அதனால் எங்கள் ஊர்வலம் கேட்டைத் தாண்டும்போதே ஒரு குழு உள்ளே போகும், கூலி இல்லாமல், கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, உலையை மட்டும் காப்பாற்றிவிட்டு வெளியே வந்து மறுபடி கோஷத்தில் சேர்ந்துகொள்ளும். நெருப்பு முறை என்று அதற்குப் பெயர், ஏற்படுத்தினது நான். முதலாளியின் சொத்தைக் காப்பாற்றுகிறான் என்றார்கள். முதலாளிக்கு அடுப்பெரிக்கிற ஸ்டோக்கர் என்றார்கள், ஏஜெண்ட் என்றார்கள், சங்கச் சுவரிலேயே எழுதினார்கள். உலை முதலாளியுடையது இல்லை, நாளைக்கு நாம் திரும்பிப் போய் நிற்கிற இடம் அது என்று தொண்டை கிழியச் சொன்னேன். நான் சொன்னது சரி. கடைசியில் கதவடைப்பு அறிவித்து நிர்வாகமே உலையை அணைத்தது, ஒரு மத்தியான நேரம், புகைபோக்கியில் புகை மெலிந்து மெலிந்து நின்றது. அதற்குப் பிறகு நாட்கணக்கில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது, டக், டக் என்று, கேட்டுக்கு வெளியே பந்தலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். செங்கல் வெடிக்கிற சத்தம். அவ்வளவு பெரிய சாமான் ஆறிப்போகிற சத்தம். நான் சொன்னதுதான் சரி என்று ஒருத்தன் வாயிலிருந்தும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

என் நெஞ்சைத் திறக்கப்போகிற டாக்டர் பையனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை, நல்ல பையன், உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினான். "இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திடுவோம் ஐயா. குளிர்ச்சியா ஒரு மருந்து விட்டா அதுவா நின்னுடும். மெஷின் அந்த வேலையைப் பாத்துக்கும். தையல் முடிஞ்சதும் திருப்பிச் சூடாக்கினா தானா துடிக்க ஆரம்பிச்சிடும்." விரலைத் திருகிக் காட்டினான், குழாயை மூடித் திறக்கிற மாதிரி. நிறுத்துவோம். குளிர வைப்போம். மறுபடி மூட்டுவோம். போலீஸ் தடியடி வாங்கியிருக்கிறேன், முட்டியில் இன்றும் மேடு இருக்கிறது, ஜெயிலில் கிடந்திருக்கிறேன், ஆலையின் அடியாட்கள் இருட்டில் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தே அந்தச் சந்து வழியாக நடந்து போயிருக்கிறேன், அங்கெல்லாம் நான் முழித்திருந்தேன், வாய் என்னிடம் இருந்தது, அடிக்கிறவனைப் பெயர் சொல்லித் திட்ட முடிந்தது. இங்கே வாயில் குழாய். நான் இல்லாத நேரத்தில் என்மேல் ஒரு தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. நின்றது மறுபடி மூளாது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான், எனக்குத்தான் மயக்க ஊசி. சமதர்மன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான், எத்தனை பேருக்கு மூளாமல் போகிறது என்று நான் கேட்டேன், டாக்டர் சிரித்துக்கொண்டு ரொம்பக் குறைச்சல் என்றான், குறைச்சல் என்பது ஒரு எண்ணிக்கை இல்லை என்றேன், மகன் என் கையைத் தொட்டு, "அப்பா, இது பேச்சுவார்த்தை இல்லப்பா" என்றான்.

போன் அடிக்கிறது. கோதண்டபாணி. சங்கச் சுவரில் ஸ்டோக்கர் என்று எழுதினவனே இவன்தான், அன்றைக்கு எதிர்க்கோஷ்டி, இன்றைக்கு இரண்டு கோஷ்டியிலும் மிச்சமிருப்பது நாங்கள் இருவர்தான் என்பதால் கூப்பிட்டு வம்பளக்கிறான். "என்ன ஸ்டோக்கரே, மீன் பண்ணை ஆரம்பிச்சிட்டியாமே?" உனக்கு யார் சொன்னது என்றேன். "உன் பையன்தான் சொன்னான். பெரிய மீனாம்ல? உன்னாட்டம் மொறைச்சிக்கிட்டே இருக்குமாம். ஒரு தொட்டியில ரெண்டு விட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சே கொன்னுடுமாம். நம்ம சங்கம் மாதிரின்னு நெனச்சிக்கிட்டேன்." சிரித்து இருமினான், இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். "செவ்வாக்கெழமைதான?" என்றான். பார்க்கலாம் என்றேன். "என்னடா பாக்கலாம்? தேதி குடுத்தாச்சு, நீ என்ன நோட்டீஸ் வாபஸ் வாங்கப் போறியா?" நிறுத்தினால் நிறுத்தினதுதான் கோதண்டம், உனக்குத் தெரியாதா என்றேன். தொண்டையைச் செருமினான். அவனும் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தவன், டக் டக் என்று கேட்டவன். பிறகு, "மனுஷன் என்ன செங்கல்லாடா" என்றான். பிறகு, "பயமா இருக்கா?" என்றான். எவனுக்கு என்றேன். "சரி, எவனுக்கோ" என்று வைத்துவிட்டான். பயமாம். என்னிடம் கேட்கிறான். கேட் கூட்டத்தில் போலீஸ் துப்பாக்கி தூக்கினவுடன் மாட்டுவண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவன்.

பாதி வந்துவிட்டது தண்ணீர். ஒரு மீனுக்கு இவ்வளவு தண்ணீர். இதன் வழியாகப் பார்த்தால் எதிர்ச்சுவர் வளைந்து தெரிகிறது, காலண்டர் வளைந்து, கதவு வளைந்து, சுகந்தி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறபோது நடுவில் உடைந்து மறுபக்கம் சேர்கிறாள். என் இடத்தில் இன்னொருத்தன். ஆலையில் பதிலி என்று ஒரு வகை உண்டு, கேட்டுக்கு வெளியே காலையில் வந்து நிற்பார்கள், நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராவிட்டால் அவன் இடத்தில் ஒருவனை உள்ளே எடுத்துக்கொள்வார்கள், வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். பதிலிக்குக் கையுறை கிடையாது, உலை வாய்க்குப் பக்கத்தில் நிற்கிற வேலை எப்போதும் பதிலிக்குத்தான் விழும், சூட்டில் தெறித்துக் கண்ணைப் பறிகொடுத்தவர்களில் பாதிப் பேர் பதிலிகள், அவர்கள் பெயர் எந்த நஷ்டஈட்டிலும் வராது. அதை ஒழிக்க நான் இருந்த உண்ணாவிரதம் எனக்குத் தெரியும், மரகதத்துக்குத் தெரியும். இப்போது என் வீட்டுக் கூடத்தில் எனக்கு ஒரு பதிலி, கையுறை இல்லாமல், சம்மதம் கேட்காமல். அறிக்கை தானாக வரி வரியாக வந்து நிற்கிறது, எனக்கு எப்போதும் அப்படித்தான், தலைப்பு முதலில் வரும், கோரிக்கை கடைசியில். மூடநம்பிக்கையின் நிழலில் நடக்கும் எந்தச் சிகிச்சைக்கும் என் உடலை ஒப்படைக்க மாட்டேன். பிரமாதமான வரி. இதற்கு எவனும் பதில் சொல்ல முடியாது. மார்பு தணிந்திருக்கிறது, பல நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வருகிறது. "நிறுத்து!" என்று கத்தினேன்.

மோட்டார் சட்டென்று நின்றது. சமதர்மன் ஈரக்காலோடு ஓடி வந்தான், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தான், தலையில் முன்பக்கம் முடி உதிர ஆரம்பித்திருக்கிறது, எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தொட்டியைப் பார்த்தான். "இன்னும் பாதிதானேப்பா?" எல்லாத்தையும் நிறுத்து என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், நன்றாகவே சொன்னேன், குரல் உடையவில்லை, பதிலியைச் சொன்னேன், கிரகணத்து இட்லியைச் சொன்னேன், ஜெயசீலன் வாயால் கேட்டதைச் சொன்னேன், இந்தத் தொட்டி இந்த வீட்டில் இருக்கும்வரை நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் வருவதாக இல்லை, தொட்டி போனால் வருகிறேன் என்று முடித்தேன். அதைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எதிர்த்தரப்பு முதலில் கோபப்படும், பிறகு கெஞ்சும், பிறகு அவகாசம் கேட்கும், பிறகு பாதி தருகிறேன் என்னும், நிர்வாகம் எதுவானாலும் இந்த வரிசை மாறாது, அதற்குள் திங்கட்கிழமை போய்விடும், இதுதான் கணக்கு. சமதர்மன், "சரிப்பா" என்றான். என்ன சரி என்றேன். "தொட்டி வேண்டாம். எடுத்துடறேன். நீங்க வந்தாப் போதும்." சொல்லிவிட்டுப் போனை எடுத்து ஜெயசீலனுக்கு அடித்தான், மீன் வேண்டாங்க, ஆமா, வேண்டாம், நான் அப்புறம் பேசறேன். ஹோஸின் ஒரு முனையைத் தொட்டிக்குள் அமுக்கி மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் வந்ததும் பின்பக்கத் துவைக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். கோரிக்கை வைத்த மூச்சிலேயே ஒத்துக்கொள்கிற நிர்வாகத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் யாருமே இல்லாத மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவன் திரும்பி வந்தபோது, நீ இதை நம்புகிறாயா இல்லையா, அதைச் சொல் என்றேன். சுருட்டின பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டே, "நம்பலைப்பா" என்றான். பிறகு எதற்கு? "தூக்கம் வரலை. ஏதாவது செய்யணும் போல இருந்துச்சு. மத்தவங்கன்னா கோயிலுக்குப் போவாங்க, முடி எறக்கறேன்னு வேண்டிப்பாங்க. எனக்கு அது வராது. நீங்க சாமி கும்பிடச் சொல்லிக் குடுக்கலையேப்பா. நான் வேற என்னதான் செய்யறது?" அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

தண்ணீர் இறங்குகிறது. ஏறும்போது தெரிந்தது, இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணாடியில் விட்டுப்போகிற ஈரக்கோட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வெற்றி. முழு வெற்றி. வாயிற்கூட்டம் போட்டு அறிவிக்கலாம். திங்கட்கிழமைக்கும் எனக்கும் நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை, தொட்டி நின்றுகொண்டிருந்தது, அதையும் நானே வாதாடி அகற்றிவிட்டேன். ஒரு கோரிக்கைக்குப் பின்னால் இன்னொரு கோரிக்கையை மறைத்து வைத்திருக்க வேண்டும், இளவட்டங்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன், நானே மறந்துவிட்டேன். தேடுகிறேன், ஒன்றும் அகப்படவில்லை, குளிர்ச்சியாக ஒரு மருந்து, விரலைத் திருகினான், டக், டக். சுகந்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள், கையில் பாதி நறுக்கின வாழைக்காய். "மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் இந்தத் தொட்டி புடிக்கலை. வீடு பூரா நாத்தம், யார் கழுவறது? வேணாம்னு அவர்கிட்ட சண்டை போட்டேன். ஆனா அதுக்காக நீங்க அதும்மேல ஏறி உக்காந்துக்காதீங்க." என்ன ஏறி உட்கார்ந்தேன் என்றேன். "வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க. இஷ்டமில்லைன்னு சொல்லுங்க. உங்க பையனை மூடநம்பிக்கைக்காரன் ஆக்கிட்டு, அந்தச் சாக்குல கட்டில்ல படுத்துக்காதீங்க. ராத்திரில நீங்க மாரைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." சுகந்தி என்று அதட்டினான் சமதர்மன். "நீங்க இருங்க. மாமாகிட்ட நான் பேசலாம், அவர்தான் எனக்குப் பேசறதுக்கு உரிமை இருக்குன்னு கல்யாணத்துல எழுதி வாசிக்கச் சொன்னாரு." உள்ளே போய்விட்டாள், கத்தி பலகையில் விழுகிற சத்தம் முன்பைவிட வேகமாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியே வரவில்லை. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஒரு ஆளைச் செயற்குழுவில் போட்டிருப்பேன்.

வாசலில் ஆட்டோ நின்றது, ஜெயசீலன் ஒரு பெரிய தெர்மக்கோல் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். "சார், நீங்க போன் பண்றப்ப நான் பாலத்தாண்ட வந்துட்டேன். இனிமே திருப்பி எடுத்துக்கினு போனா வழியிலயே செத்துப் பூடும், பையில இருக்கிற காத்து தாங்காது. இன்னாத்துக்கு தண்ணிய எறக்கறீங்க? பாதி இருந்தாலும் போதும் சார், ஹோஸைத் தூக்குங்க மொதல்ல." அவனே ஹோஸை உருவிப் போட்டான், பெட்டியைத் திறந்து பையைத் தூக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டான், பைக்குள் இன்னொரு பை, அதற்குள் அது. உடனே அவிழ்க்கக் கூடாதாம், பைத்தண்ணீரும் தொட்டித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டுமாம். நான் எழுந்து பக்கத்தில் போனேன். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருக்கும், வெள்ளித் தகட்டை நறுக்கி அடுக்கின மாதிரி செதில், வாய் மேல்நோக்கித் திரும்பியிருந்தது, யாரையும் மதிக்காதவன் வாய், தாடையில் இரண்டு மீசை. திரும்ப இடமில்லை, பைக்குள் உடம்பை வளைத்துக்கொண்டு கிடந்தது. செவுள் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது, வேகமாக. எங்கே கொண்டுவந்திருக்கிறார்கள், எதற்கு, எதுவும் அதற்குச் சொல்லப்படவில்லை, சொன்னாலும் அதனால் மறுக்க முடியாது. எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார வைத்து, மரியாதையாக, விரலைத் திருகிக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போதுதான் உறைத்தது. மீன் வந்துவிட்டது. தொட்டி இருக்கிறது. ஒப்பந்தத்தை அவர்கள் மீறியாகிவிட்டது, யார் தவறும் இல்லை என்பது வேறு விஷயம், மீறல் மீறல்தான், நான் இப்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை ரத்து. என் காரணம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் உயிரோடு திரும்பி வந்து கண்முன்னால் மிதக்கிறது. சமதர்மன் மீனைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் நான் மேடையில் ஏறும்போது முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பானே அப்படி இல்லை, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. களைப்பாக இருந்தது. இந்த முகத்துக்கு எதிரே நின்று ஜெயிக்க எனக்குத் தெம்பு இல்லை. சொன்னால் ஒத்துக்கொள்வான், அதுதான் கஷ்டம், எதைச் சொன்னாலும் சரிப்பா என்பான், இந்த மீனை எடுத்துக்கொண்டு தெருவில் போய் நிற்பான். "பெரியவரே, டைம் ஆச்சு" என்றான் ஜெயசீலன், பை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. "யாருக்காக வந்திருக்குதோ அவங்க கையாலதான் விடணும். வாங்க, இப்படிக் கையை வைங்க." யாருக்காகவும் வரவில்லை என்றேன். "இல்ல, சார்தான்..." "சார் சொன்னதை சார் வாபஸ் வாங்கிட்டாரு. அது மீன். இங்க இருக்கட்டும், தின்னட்டும், யாருக்குப் பதிலாவும் ஒண்ணும் செய்ய வேண்டாம்." ஜெயசீலன் என்னையும் சமதர்மனையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப யாருதான் விடறது?" "நகருங்க" என்று சுகந்தி வந்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. "ஆளாளுக்கு நின்னா அது செத்துத்தான் போவும். அடுப்புல எண்ணெய் காயுது." பையைச் சரித்து மீனைத் தண்ணீரில் விட்டாள். தண்ணீரை ஏற்று என்று சமதர்மனிடம் சொன்னேன், கோடு வரைக்கும். அவன் நகரவில்லை. "அப்பா, திங்கக்கெழமை..." "அதான் வரேன்னு சொன்னேனே" என்றேன்.

அறைக்குள் வந்துவிட்டேன். பீரோவுக்கு மேலிருந்து பையை எடுத்து உதறிக் கட்டிலில் வைத்தேன், மாநாடுகளுக்குக் கொண்டுபோன ரெக்சின் பை, ஜிப் ஒரு பக்கம் பிடிக்காது. லுங்கி இரண்டு. துண்டு. படிக்கிற கண்ணாடி. அங்கே படிக்க விடுவார்களா தெரியவில்லை. ஜெயிலுக்குப் போகும்போதெல்லாம் மரகதம் கட்டிக்கொடுப்பாள், மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று போய்ப் பிரித்தால்தான் எனக்குத் தெரியும், எனக்கே மூட்டை கட்டுவதற்கு எதை எடுப்பது எதை விடுவது என்று கை தடுமாறுகிறது. பல்பொடி. சீப்பு, மார்பைத் திறந்தவனுக்குச் சீப்பு எதற்கு, இருக்கட்டும். கூடத்தில் மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது, கூடவே ஃபில்டரும், இரண்டும் சேர்ந்து ஒரே இரைச்சல். திடீரென்று பலமான அடி ஒன்று, பலகை தூக்கிப்போட்ட மாதிரி, தரையில் தண்ணீர் சிதறுகிற சத்தம், சுகந்தி ஐயோ என்றாள். கையில் துண்டோடு அப்படியே நின்றேன். மார்பில் அந்த முழங்கை. செத்துவிட்டதா என்று நினைத்தேன், செத்திருந்தால் நல்லது என்று ஒரு நொடி நினைத்தேனா, சாகக் கூடாது என்று நினைத்தேனா, இரண்டும் ஒரே சமயத்தில் வந்தது, எது முதலில் என்று பிரிக்க முடியவில்லை. "என்னடா ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்று சமதர்மன் குரல் கொடுத்தான். "எகிறி மூடியில முட்டிக்கிச்சு. நல்லாத்தான் இருக்கு. புது எடம் இல்ல? பயந்திருக்கு." துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். சரியாக மடியவில்லை, எடுத்து மறுபடி மடித்தேன்.

"எனக்கும் பயமாத்தாண்டா இருக்கு" என்றேன். மோட்டார் இரைச்சலில் கேட்டிருக்காது. மைக் இல்லாமல் ஆலை வாசலில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரிப் பேசினவன் நான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, திரும்பவும் சத்தமாகச் சொன்னேன்.